பையின் பெயர்

பிளாஸ்டிக் உறையின் மேல் பேனாவால் எழுதியிருந்தது: ‘ஃபொல்லிஸ், 10. சுத்தம் செய்யாதவை.’ உள்ளே பத்து மண்வில்லைகள். கருப்பட்டிக் கடையில் உதிர்ந்த சில்லுகளைப் பொட்டலம் கட்டித் தந்தால் எப்படி இருக்குமோ, அப்படி. ஒன்றிரண்டின் விளிம்பில் மட்டும் கொஞ்சம் பச்சை தெரிந்தது. இதைக் காசு என்று சொல்லி விற்க ஒரு துணிச்சல் வேண்டும். காசு கொடுத்து வாங்க அதைவிடத் துணிச்சல் வேண்டும். என் அக்கா மகன் இரண்டாவது ரகம். பர்மிங்காமில் வேலை பார்க்கிறான். அக்காவும் அத்தானும் நானும் மூன்று மாதம் அவனோடு இருக்கப் போயிருந்தபோதுதான் அந்த உறை தபாலில் வந்தது. பால்கன் பக்கத்து வயல்களிலிருந்து எடுத்த ரோமக் காசுகளை இப்படி அழுக்கோடு அழுக்காகப் பத்து, இருபது என்று விற்பார்களாம். புதிதாகக் காசு சேர்க்க வருபவர்கள் இதில்தான் கை பழகுகிறார்கள்.

“ஃபொல்லிஸ்னா என்னடா?” என்றேன்.

“காசோட பேரு மாமா. 1,700 வருஷம் பழசு.”

பழசு என்பது சரி. பெயர் என்பதில்தான் வில்லங்கம். அது பிறகு தெரிந்தது.

அதற்கு முன், அவன் ஆபீஸ் போன நேரத்தில் நான் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். செம்புக் குடமும் குத்துவிளக்கும் உள்ள வீட்டில் வளர்ந்தவன் நான். பச்சை பிடித்த செம்பைக் கண்டால் கை தானாகப் புளிப் பானைக்குப் போகும். அக்கா ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளியில் எலுமிச்சையளவு எடுத்துக் கரைத்து, ஒரு காசை அதில் போட்டேன். பத்து நிமிடத்தில் மண் இளகியது. இருபது நிமிடத்தில் பச்சை கரைந்தது. கட்டைவிரலால் இரண்டு தேய்ப்பு. புது மணமகள் மாதிரி ரோஜா நிறத்தில் செம்பு பளபளத்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். மூஞ்சி இல்லை. எழுத்து இல்லை. காது இருந்த இடத்தில் ஒரு மேடு, அவ்வளவுதான்.

சாயங்காலம் அவன் வந்து பார்த்தான். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. “பாத்திரம் விளக்குற மாதிரி விளக்கிட்டீங்களே மாமா” என்று மட்டும் சொன்னான்.

செம்பு மண்ணில் கிடக்கும்போது அதன் மேற்பரப்பே மெல்ல மெல்ல வேறு பொருளாகிறது. உலோகத்தை ஒட்டிச் சிவப்பாகச் செப்பு ஆக்சைடு. அதன்மேல் பச்சையாகச் செப்புக் கார்பனேட். வயல் மண்ணும் சுண்ணாம்பும் அதற்கும் மேலேதான். பேரரசனின் மூக்கும், அவனைச் சுற்றியுள்ள எழுத்தும் நடுவில் இருக்கும் அந்த மெல்லிய படலத்தில்தான் தங்கியிருக்கின்றன. அடியில் இருக்கும் உலோகம் அரித்துப்போன மிச்சம். புளியில் உள்ள அமிலத்துக்கு மண்ணும் ஒன்றுதான், மூக்கும் ஒன்றுதான். ஆணவ மலத்துக்குச் செம்பில் ஏறிய களிம்பைச் சைவ சித்தாந்திகள் உவமை சொல்வார்கள். நீங்கவேண்டிய அழுக்கு அது. பழங்காசுக்காரர்களிடம் இந்த உவமை எடுபடாது. அவர்களுக்குக் களிம்புதான் உயிர், செம்பு வெறும் சடம்.

மீதி ஒன்பதையும் அவன் வழியிலேயே செய்தோம். காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போடுவதுதான் முதல் வேலை, ஏறத்தாழ முழு வேலையும் அதுவே. குழாய்த் தண்ணீர் கூடாது. அதில் கலந்திருக்கும் குளோரின் செம்புக்குப் பகை. ஆளுக்கொரு சின்னக் கிண்ணம். தினமும் தண்ணீரை மாற்றுவோம், முதல் நாட்களில் அது டீ நிறத்துக்கு வரும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை குழந்தைகள் பல் துலக்கும் மெல்லிய பிரஷ்ஷால் ஒரு தடவு தடவி, மறுபடியும் தண்ணீரில். ஆலிவ் எண்ணெயில் மாதக்கணக்காக ஊறவைப்பவர்களும் உண்டு. எண்ணெயிலும் லேசான அமிலம் இருப்பதால் அவனுக்கு அதில் நம்பிக்கை இல்லை. கம்பி பிரஷ், வினிகர், மின்சாரம் பாய்ச்சிக் களிம்பை உரிப்பது எல்லாம் என் புளியின் ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

ஒன்பதில் ஒன்றை மட்டும் தனி டப்பாவில் ஒதுக்கினான். அதன் கன்னத்தில் வெளிர்பச்சையாக மாவு போல் பூத்திருந்தது. வெண்கல நோய் என்கிறார்கள். செம்பின் உள்ளே குளோரைடு தங்கிவிட்டால், ஈரமும் காற்றும் சேரும்போதெல்லாம் அது வேலை செய்துகொண்டே இருக்கும். காசு உள்ளிருந்தே பொடியாகும். அதற்கு வேறு வைத்தியம், வேறு ஊறல். மற்றவற்றுக்கு வந்த கேடு வெளியிலிருந்து வந்தது; புளிக் காசுக்கு வந்தது என்னிடமிருந்து.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, பூதக்கண்ணாடியின் கீழ் ஒரு காசை ஈரத்தோடு வைத்துக்கொண்டு, தோட்டத்தில் ஒடித்த ரோஜா முள்ளால் நான் நோண்டிக்கொண்டிருந்தேன். ஈரமாக இருக்கும்வரைதான் மண் பேச்சுக் கேட்கும், காய்ந்தால் கல். முள் நுனியில் ஒரு சில்லு பெயர்ந்தது. அடியில் கரும்பச்சையில், எண்ணெய் தடவியது போல் வழவழப்பாக, ஒரு கால். அப்புறம் ஒரு ஈட்டி. ஒரு மணி நேரத்தில் இரண்டு சிப்பாய்கள் எதிரும் புதிருமாக நின்றார்கள், நடுவில் இரண்டு கொடிக்கம்பங்களோடு. அரிசியில் கல் பொறுக்கிய கண்ணுக்கு இந்த வேலை எளிதில் வசப்படும் என்று அக்கா ஒரு காசை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எங்கள் எல்லோரையும்விட அவள்தான் நன்றாகச் செய்தாள்.

படிப்பது அடுத்த கட்டம். தலைப் பக்கத்து எழுத்து பெரும்பாலும் கடிகார முள் ஏழைக் காட்டும் இடத்தில் தொடங்கி வலமாகச் சுற்றும். எங்கள் காசில் ‘கான்ஸ்ட்’ என்பது வரை தெளிவாக வந்தது. ஆள் பிடிபட்டுவிட்டான் என்று நினைத்தால் அங்கேதான் குழி. பேரரசன் கான்ஸ்டன்டைன் தன் பிள்ளைகளில் மூவருக்கு வைத்த பெயர்கள் கான்ஸ்டன்டைன், கான்ஸ்டன்டியஸ், கான்ஸ்டன்ஸ். தகப்பனும் மூன்று பிள்ளைகளும் காசு அடித்திருக்கிறார்கள். பெயரின் வாலைப் பார்த்தால்தான் யாரென்று தெரியும். எங்களுக்கு வால் கிடைத்தது: கான்ஸ்டன்டியஸ். அதற்குப் பின் ‘நாப் சி’ என்று ஒரு சுருக்கம். ‘மிக மேன்மை தங்கிய சீசர்’, அதாவது இளவரசுப் பட்டம். தகப்பன் 337இல் இறந்த பிறகுதான் இவன் அகஸ்டஸ், முழுப் பேரரசன். ஆகவே காசு அதற்கு முந்தியது. சிப்பாய்களுக்கு நடுவே இரண்டு கொடி இருந்தால் 330க்கும் 335க்கும் இடையில். ஒரே கொடியென்றால் அதற்குப் பிறகு. காசு சிறுத்துப்போய் இரண்டு கொடிக்கு இடம் இல்லாமல் போனது. சிப்பாய்களின் காலடியில் கோட்டுக்குக் கீழே நான்கு எழுத்து: எஸ், எம், கே, ஏ. முதல் இரண்டும் ‘திருநாணயச் சாலை’ என்பதன் சுருக்கம். கே என்பது இன்றைய துருக்கியில் மர்மரா கடலோரம் இருந்த கைஸிகஸ் நகரம். ஏ அங்கிருந்த முதலாம் பட்டறை. அடித்த பட்டறை வரை சொல்லிவிடுகிறது ஒரு செப்புத் துண்டு. நம் ரூபாய் நாணயத்தில் ஆண்டுக்குக் கீழே இருக்கும் புள்ளியும் வைரமும் எந்த ஊர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

இவ்வளவும் சொன்ன காசு, தன் பெயரை மட்டும் எங்கும் சொல்லவில்லை. உறையில் எழுதியிருந்த ஃபொல்லிஸ் காசில் இல்லை.

சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னேன். அத்தான் குவைத்தில் 22 வருடம் லாரி ஓட்டியவர். ரசத்தை ஊற்றிக்கொண்டே, “ஃபொல்லிஸா? எங்க ஃபில்ஸ் மாதிரில்ல இருக்கு மாப்ள” என்றார். மருமகன் சிரித்தான். நானும் சிரித்தேன். ராத்திரி அகராதியைத் திறந்த பிறகு சிரிப்பு நின்றது.

லத்தீனில் ஃபொல்லிஸ் என்றால் துருத்தி. கொல்லன் உலையில் காற்றூதும் தோல் துருத்தி. தமிழில் துருத்திக்கு இருக்கும் விரிவு அதற்கும் இருக்கிறது. நம் துருத்தி காற்றூதும் கருவி மட்டுமல்ல, தண்ணீர் மொள்ளும் தோல்பையும்தான். காற்றடைத்த உடம்பும் துருத்திதான். லத்தீன்காரனுக்கும் காற்றடைத்து விளையாடும் பந்து ஃபொல்லிஸ், உப்பிய கன்னம் ஃபொல்லிஸ், தோல்பை ஃபொல்லிஸ். அதன் குட்டி வடிவம் ‘ஃபொல்லிகுலுஸ்’, சின்னப் பை. தோல் மருத்துவர்கள் முடி கொட்டுவதைப் பற்றிப் பேசும்போது சொல்லும் ‘ஃபாலிக்கிள்’ அதுதான். பிற்கால லத்தீனில், உள்ளே காற்றைத் தவிர ஒன்றும் இல்லாத மண்டையனுக்கும் ஃபொல்லிஸ் என்று பெயர் வைத்தார்கள். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ‘ஃபூல்’ ஆனது. புளிக் காசு நினைவுக்கு வந்து, அகராதியை ஒரு நிமிடம் மூடி வைத்தேன்.

தோல்பை எப்படிக் காசுக்குப் போனது? இதற்கு நாம் ரோம் வரை போகவேண்டியதில்லை. கிழித்த துணி கிழி. அதில் பொன்னை முடிந்தால் பொற்கிழி. தருமி பாட்டுக்குப் பரிசாக வாங்கத் தவித்தது ஆயிரம் பொன் கொண்ட கிழியைத்தான். இன்றைக்கும் விழா மேடையில் ‘பொற்கிழி வழங்குவார்’ என்று அறிவிக்கிறார்கள், கொடுப்பது காசோலை. துணியும் இல்லை, பொன்னும் இல்லை, பெயர் மட்டும் நிற்கிறது. ‘பண முடிப்பு’ என்பதும் அப்படியே. சட்டமன்றத்தில் ஆண்டுதோறும் தாக்கல் செய்கிறார்களே பட்ஜெட், அதுவும் பழைய பிரெஞ்சில் சின்னத் தோல்பைதான்.

ரோமில் பை காசானதற்குக் காரணம் விலைவாசி. மூன்றாம் நூற்றாண்டில் வெள்ளிக் காசில் வெள்ளி குறைந்துகொண்டே வந்து, கடைசியில் செம்பின் மேல் வெள்ளி முலாம் என்றாகிவிட்டது. சில்லறையை எண்ணி மாளாது. எண்ணிக் கட்டி, முத்திரை வைத்த பையாகவே கைமாற்றத் தொடங்கினார்கள். பையைப் பிரித்து எண்ணுவதில்லை. முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொள்வார்கள். 4ஆம் நூற்றாண்டில் ஃபொல்லிஸ் என்பது அப்படி ஒரு கணக்கு அலகு. கான்ஸ்டன்டைன் செனட்டர்களின் நிலத்தின்மேல் விதித்த வரிக்கே ஃபொல்லிஸ் என்று பெயர் வழங்கியது. பையாக வாங்கினால் பைவரி.

இதற்குச் சற்று முன், 294 வாக்கில், பேரரசர் டயோக்ளீஷியன் நாணயத்தைச் சீர்திருத்தினார். ஒரு ரோமப் பவுண்டு எடையில் 32 காசு என்ற கணக்கில், பத்துக் கிராமை ஒட்டிய ஒரு பெரிய செப்புக் காசு வந்தது, மேலே மெல்லிய வெள்ளிப் பூச்சோடு. சென்ற நூற்றாண்டுகளின் நாணய ஆய்வாளர்களுக்கு இதற்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. ஆவணங்களில் ஃபொல்லிஸ் என்ற சொல் அடிபடுகிறது. கையில் பெயரில்லாத ஒரு காசு இருக்கிறது. இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். அட்டவணைகளில் ஏறியது. வியாபாரிகள் பிடித்துக்கொண்டார்கள். டயோக்ளீஷியனின் காசு சிறுத்துச் சிறுத்து 313க்குள் மூன்றில் ஒரு பங்கு எடைக்கு வந்துவிட்டது. 330களில் இரண்டரைக் கிராம், அப்புறம் அதற்கும் கீழே. பெயர் மட்டும் சிறுக்கவில்லை. பர்மிங்காமுக்கு வந்த உறை வரை எல்லாம் ஃபொல்லிஸ். இப்போது ஆய்வாளர்கள் பலர் அதை விட்டுவிட்டு ‘நும்முஸ்’ என்கிறார்கள். அந்தக் காலத்து மக்கள் அந்தக் காசைச் சொன்ன பெயர் அதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நும்முஸ் என்றால் வெறுமனே ‘காசு’.

எனக்கு இந்த இடத்தில் வியாபாரிகள் மேல் கோபம் வரவில்லை. மளிகைக் கடைக்காரர் மூட்டையின் மேல் எழுதிய பெயரில்தான் அரிசியைக் கேட்கிறோம். அரிசிக்கு அது தெரியாது. ஆனால் ஒரு காசை அடையாளம் காண்பது என்றால் பெயரிலிருந்து தொடங்கக்கூடாது என்பது புரிந்தது. எழுத்து, கொடி, பட்டறை எல்லாம் காசு தானே சொன்னவை. பெயர் நாம் மேலே பூசியது.

பை எப்போது உண்மையாகவே காசானது என்பதற்கு ஒரு தையற்காரரைக் கேட்கவேண்டும். புனித அகஸ்டின் ‘இறைவனின் நகரம்’ என்ற தன் பெருநூலின் கடைசிப் புத்தகத்தில் அவரைப் பற்றி எழுதுகிறார். ஊர் ஹிப்போ, இன்றைய அல்ஜீரியக் கடற்கரை. ஏழைத் தையற்காரர் ஒருவர் மேலங்கியைத் தொலைத்துவிட்டார். வேறு வாங்க வழியில்லை. தியாகிகளின் நினைவிடத்துக்குப் போய், எனக்கு ஒரு துணி கொடுங்கள் என்று உரக்க வேண்டுகிறார். அங்கே நின்ற விடலைப் பையன்கள், துணி வாங்க ஐம்பது ஃபொல்லிஸ் கேட்கிறார் பார் என்று கேலி செய்துகொண்டே பின்னால் வருகிறார்கள். அவர் கடற்கரைக்கு வருகிறார். அலை ஒதுக்கிய பெரிய மீன் ஒன்று துடித்துக்கொண்டு கிடக்கிறது. அதைப் பிடித்து ஒரு சமையற்காரரிடம் முந்நூறு ஃபொல்லிஸுக்கு விற்கிறார். மனைவி நூற்றுத் துணி செய்ய அந்தப் பணத்தில் கம்பளி வாங்கலாம் என்பது அவர் கணக்கு. மீனை அறுத்த சமையற்காரருக்கு அதன் வயிற்றில் பொன் மோதிரம் கிடைக்கிறது. அதையும் கொண்டுவந்து தையற்காரரிடமே கொடுக்கிறார், உன் தியாகிகள் உனக்கு எப்படி உடுத்தினார்கள் பார் என்று.

சகுந்தலையின் மோதிரத்தை மறந்துவிட்டு விலையை மட்டும் பாருங்கள். ஏழையின் ஒரு துணி ஐம்பது ஃபொல்லிஸ், ஒரு மீன் முந்நூறு. முத்திரை வைத்த முந்நூறு பைக் காசு கொடுத்து யாரும் மீன் வாங்கமாட்டார்கள். அகஸ்டின் இதை எழுதிய 5ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், தெருவில் ஃபொல்லிஸ் என்றால் சில்லறை. பை அவிழ்ந்துவிட்டது, உள்ளே இருந்த காசுக்குப் பையின் பெயர் ஒட்டிக்கொண்டது.

கிழக்கே கிரேக்கம் பேசும் பக்கத்திலும் இதேதான். 498இல் பேரரசர் அனஸ்தாசியஸ், நாற்பது நும்முஸுக்குச் சமமான ஒரு பெரிய செப்புக் காசை வெளியிட்டார். அதன் முதுகில் பெரிதாக ஒரு ‘எம்’. கிரேக்க எண்ணெழுத்தில் நாற்பது. அந்த ஆண்டுக் குறிப்பில் வரலாற்றாசிரியர் மார்செல்லினுஸ், கிரேக்கர்கள் இந்தக் காசை ஃபொல்லிஸ் அடியாகப் பிறந்த பெயரால் அழைப்பதாக எழுதுகிறார். இந்தக் காசை ஃபொல்லிஸ் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. ஜஸ்டினியன் 538 வாக்கில் இதை உள்ளங்கையை நிறைக்கிற அளவுக்குப் பெரிதாக அடித்தார். அப்போதும் காசின் மேல் ‘எம்’ உண்டு, சொல் இல்லை.

இங்கே ஒரு சின்ன மயக்கத்தைத் தாண்டவேண்டும். கிரேக்கத்தில் ‘ஃபொலிஸ்’ என்று, ஒரு ல் குறைவாக, இன்னொரு சொல் உண்டு. பாம்பு பல்லி முதலியவற்றின் செதில். வெள்ளி முலாம் பூசிய மெல்லிய காசுக்குச் செதில் என்ற பெயர் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! சொல்லாராய்ச்சியில் அழகாகப் பொருந்துவதுதான் முதலில் சந்தேகிக்க வேண்டியது. பைக்கு வரிக்கணக்கின் சாட்சி இருக்கிறது.

7ஆம் நூற்றாண்டில் சிரியா அரபுகள் கைக்கு வந்தது. சந்தைக்குச் சில்லறை வேண்டுமே. அதே செப்புக் காசை, அதே ‘எம்’மோடு தொடர்ந்து அடித்தார்கள். ஹிம்ஸ் நகரத்துக் காசில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று உண்டு: ஒரு பக்கம் கிரேக்கத்தில் ‘கலோன்’, மறுபக்கம் அரபியில் ‘தய்யிப்’. இரண்டுக்கும் பொருள் ‘நல்லது’. நான் செல்லும் காசு, நம்பி வாங்கு என்று காசு தானே இரண்டு மொழியில் சொல்கிறது. நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் நேர்மை என்றும் பொருள் இருப்பதை அந்தப் பட்டறைக்காரருக்கு யாராவது சொல்லியிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

696ஐ ஒட்டிக் கலீஃபா அப்துல் மலிக் உருவங்களை நீக்கி, எழுத்து மட்டும் கொண்ட காசுகளைக் கொண்டுவந்தார். டெனாரியஸ் தினார் ஆனது. கிரேக்க ட்ராக்மா திர்ஹம் ஆனது. ஃபொல்லிஸ் ‘ஃபல்ஸ்’ ஆனது, பன்மை ‘ஃபுலூஸ்’. அவருடைய உமய்யத் வம்சத்துச் செப்புக் காசுகளில் சிலவற்றில் எழுதியிருக்கிறது: இந்த ஃபல்ஸ் இன்ன ஊரில் அடிக்கப்பட்டது என்று. ரோமக் காசு ஒருநாளும் தன்னைச் சொல்லிக்கொள்ளாத பெயர், அரபி எழுத்தில் காசின் மேலேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

அரபியில் அந்தச் சொல் நன்றாகவே குடும்பம் நடத்தியிருக்கிறது. ஃபுலூஸ் இன்று பேச்சில் பொதுவாகப் பணம். மீன் செதிலுக்கும் அதே சொல். கிரேக்கச் செதில் இந்த வழியாக வந்து சேர்ந்துகொண்டதோ என்னவோ, ஹிப்போ மீன் சிரிக்கும். தங்கமும் வெள்ளியும் போய்ச் செப்புக் காசுதான் மிச்சம் என்ற நிலைக்கு வந்தவன் ‘முஃப்லிஸ்’, திவாலானவன். உருதுக் கவிதையில் ஏழை முஃப்லிஸ். மலேசியத் தமிழர்களுக்கு இது இன்னும் நெருக்கம். மலாய்ச் சட்டமொழியில் திவால் என்பதற்கு முஃப்லிஸ் என்றுதான் சொல். நம்மூரில் மஞ்சக் கடுதாசி கொடுப்பவன், கோலாலம்பூரில் ரோமத் துருத்தியோடு நிற்கிறான்.

காலையில் அத்தானிடம் போய்த் தோல்வியை ஒப்புக்கொண்டேன். குவைத்தில் ஆயிரம் ஃபில்ஸ் ஒரு தினார். ஆக அவர் 22 வருடம் சம்பளம் வாங்கியது டெனாரியஸிலும் ஃபொல்லிஸிலும். அவர் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. “மாச கடைசியில ‘மாஃபி ஃபுலூஸ்’னு சொல்லாத ஆளே கேம்ப்ல கிடையாது மாப்ள” என்றார். காசு இல்லை என்று பொருள். இரண்டாயிரம் வருடச் சொல்லை அவர் அதிகம் பயன்படுத்தியது அது இல்லாதபோது.

ஊர் திரும்ப ஒரு வாரம் இருக்கும்போது மருமகன் இன்னொரு உறை கொண்டுவந்தான். இதில் ஒரே காசு. ஓரமெல்லாம் கடல் மணலும் பச்சையும் கட்டிப்போய் இருந்தது, ஆனால் ரோமக் காசு அல்ல. 1808ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இதே பர்மிங்காமில், போல்டன் என்பவரின் சோஹோ நாணயச் சாலையில் நீராவி எந்திரத்தால் அடித்தது; சென்னை மாகாணத்துக்கு அனுப்ப. பீப்பாய் பீப்பாயாக இவற்றை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டும் முன்பே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் மேலே எடுத்தார்கள். சென்னைக்கு வரவேண்டிய சில்லறை அங்கேயே விலைபோய்க்கொண்டிருக்கிறது.

முகப்பில் கம்பெனியின் சிங்கங்கள். பின்பக்கம் அடியில் ரோம எண்ணில் இருபது, பக்கத்தில் ஆங்கிலத்தில் ‘கேஷ்’. இந்தக் கேஷ் கடைகளில் கேட்கும் கேஷ் அல்ல. கடைக் கேஷ் பிரெஞ்சுப் பணப்பெட்டியிலிருந்து வந்தது, ஃபொல்லிஸ் போலவே கொள்கலத்தின் பெயர் பணத்துக்கு வந்த கதை. காசின் மேல் இருக்கும் கேஷ் நம்முடையது. போர்ச்சுகீசியர் வாயில் புகுந்து வெளிவந்த தமிழ்க் காசு. அதற்கு மேலே சில வரிகளில் பாரசீக எழுத்து. இருபது காசு நான்கு ஃபுலூஸ் என்பது அதன் பொருள். உறையில் வந்த பத்தும் சொல்லாத பெயர் இங்கே நம் காசுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அக்பரின் செப்புக் காசுகளிலேயே ஃபுலூஸ் வந்துவிட்டது. கம்பெனி அதைத் தொட்டுக்கொண்டது.

அன்றைக்கு இதையெல்லாம் சொல்லாமல், காசை மட்டும் நன்றாகத் துடைத்து அத்தானிடம் நீட்டினோம். குவைத் சாலையில் பெயர்ப்பலகை படித்துப் பழகியவர். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்தார். கடைசி வரியிலிருந்து மேலே வந்தார்.

“ஃபுலூஸ்னு இருக்கு. இதைக் கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன்.”

“அதுக்கு மேல அத்தான்?”

பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டார். “காஃப்... அலிஃப்... ஸீன். காஸ்.” கொஞ்சம் யோசித்தார். “காஸ்னா கோப்பைல்ல? ஃபுட்பால்ல ஜெயிச்சா குடுப்பானே, அது. இருபது கோப்பைக்கு நாலு ஃபுலூஸா?”

“அப்பா, அது காசுப்பா” என்றான் மருமகன்.

“காசுன்னு எனக்குத் தெரியாதாடா? அதுல என்ன எழுதியிருக்குன்னுதானே கேக்குறே?”